காகிதப் பீரங்கிகள்

எங்கள் குடியிருப்புக் குழந்தைகளுக்காகச் செய்த பீரங்கிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருமாறு இவ்விதழின் ஆசிரியர் கேட்டார். மற்ற ஊர்களில் வாழும் நம் அன்பர்களும் ஊர்வலங்களுக்கு வண்டி சோடிப்பதுண்டு. ஆகவே செய்முறையை விளங்க எழுதவேண்டும் என்பது அவர் கட்டளை. செய்முறையை எழுதுவது எளிது. ஆனால் அந்தப் பீரங்கிகள் யாருடைய கப்பலில் ஏறவேண்டும் என்பதைப் பற்றி எழுந்த வழக்கைச் சொல்லாமல் செய்முறையை மட்டும் சொல்வது, இலையைப் போட்டுவிட்டுச் சோறு பரிமாறாமல் போவதை ஒக்கும். அதனால் வழக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் வாழும் டோம்பிவிலியில் குடி பாட்வா அன்று காலையில் புத்தாண்டை வரவேற்கும் ஊர்வலம் ஒன்று புறப்படும். ஒன்பது கஜச் சேலை கட்டிய மராட்டியப் பெண்கள் மோட்டார் சைக்கிளில் அணிவகுத்து வருவார்கள். டோலும் தாஷாவும் முழங்கும் முழக்கத்தில் சன்னல் கண்ணாடிகள் அதிரும். இடையிடையே சோடித்த வண்டிகள் வரும்; அவற்றைச் 'சித்ரரதம்' என்று அழகாக அழைக்கிறார்கள். நமக்கு ஆண்டு பிறப்பது சித்திரையில்தான். ஆயினும், குடியேறிய ஊரில் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆண்டு பிறக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பது எவ்வாறு? எங்கள் குடியிருப்புத் தமிழ்க் குடும்பங்களும் சில ஆண்டுகளாக ஒரு வண்டி விடுகின்றன.

சென்ற முறை, வண்டி என்னவாக இருக்கவேண்டும் என்பதைக் குழந்தைகளே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டோம். ஏழு முதல் பதின்மூன்று வயதுக்குட்பட்ட பன்னிரண்டு பேர் கூடி, ஒரு நொடிகூடத் தயங்காமல், "கடற்கொள்ளையர் கப்பல்!" என்றார்கள். எல்லாம் ஆங்கிலத் திரைப்படங்களின் உபயம். கறுப்புக் கொடி, மண்டையோடு, ஒற்றைக் கண்ணுக்குத் திரை, இவற்றோடு பீரங்கிகள். "பீரங்கி இல்லாவிட்டால் அது கப்பல் இல்லை மாமா, வெறும் படகு" என்று ஒரு சிறுமி எனக்கு விளக்கம் கூறினாள். காய்கறி வாணிகம் செய்யும் அன்பர் ஒருவர் தம் டெம்போவை ஒரு நாள் இலவசமாகத் தர இசைந்தார். வேலை தொடங்கியது.

மூன்றாம் நாள் மாலை, மேல்மாடியில் குடியிருக்கும் மராட்டியப் பெரியவர் இறங்கி வந்தார். கப்பல் கட்டும் துறையில் இரும்பு பற்றவைக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குழந்தைகள் எல்லோருக்கும் அவர் 'ஆஜோபா', அதாவது தாத்தா. வரைந்து வைத்திருந்த படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "அண்ணா, கப்பல் அழகாக இருக்கிறது. ஆனால் இது எந்தக் கடலில் ஓடுகிற கப்பல்? இந்தக் கடல் என்றால், கொள்ளைக்காரன் என்று இங்கிலீஷ்காரன் எழுதிவைத்தது எங்கள் ஆங்கரேயைத்தானே? புத்தாண்டு நாளில் அந்தப் பெயரோடு நம் தெருவில் ஒரு வண்டி போகலாமா?"

மராட்டியிலும் நம் தமிழைப் போலவே 'எங்கள்', 'நம்' என்ற வேறுபாடு உண்டு. ஆங்கரே 'எங்கள்' ஆங்கரே. தெருவோ 'நம்' தெரு. இந்த வேறுபாட்டை அவர் எண்ணிச் சொன்னாரோ எண்ணாமல் சொன்னாரோ, எனக்கு அது தைத்தது. அவர் குரலில் கோபம் சிறிதும் இல்லை. கோபம் இருந்திருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்றிரவு எங்கள் குடும்பங்கள் கூடிப் பேசின. குழந்தைகளின் விளையாட்டில் சரித்திரம் எங்கே வந்தது என்றார் ஒருவர். பிழைக்க வந்த இடத்தில் வம்பு வேண்டாம். கப்பலை விட்டுவிட்டு மயில் மீது முருகனை எழுந்தருளச் செய்துவிடுவோம் என்றார் மற்றொருவர். இரண்டும் எனக்கு உடன்பாடாக இல்லை. பெரியவர் கேட்டது ஒரு கேள்வி. கேள்விக்கு விடைதான் மரியாதை. பின்வாங்குவது மரியாதை ஆகாது. முருகனையும் இப்படி ஒரு சமாதானத்துக்காக அழைப்பது அவ்வளவு நன்றாக இல்லை.

கான்ஹோஜி ஆங்கரேயைப் பற்றி நம் வீட்டுப் பிள்ளைகள் அறிந்திருப்பது நலம். அவர் வரலாறு நடந்த கரையில்தானே வளர்கிறார்கள்! பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொங்கணக் கரையில் மராட்டியக் கப்பற்படைக்குத் தலைவராக விளங்கியவர் அவர். விஜயதுர்க்கமும், அலிபாகை அடுத்துக் கடலுக்குள் இருக்கும் கொலாபாக் கோட்டையும் அவருடைய பாசறைகள். தம் கடலில் செல்லும் வணிகக் கப்பல்கள் தம்மிடம் 'தஸ்தக்' என்னும் அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்றார், பெறாதவற்றைப் பிடித்தார். கிழக்கிந்தியக் கம்பெனி சீட்டு வாங்க மறுத்தது. அவரைக் கொள்ளையர் என்றது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே போர்த்துக்கீசியர் இதே கடலில் 'கார்த்தாஸ்' என்று ஒரு சீட்டை விற்று, வாங்காத கப்பல்களைப் பிடித்தும் எரித்தும் வந்தார்கள். அவர்களைக் கம்பெனியின் ஏடுகள் கொள்ளையர் என்று எழுதவில்லை. 1721-இல் ஆங்கிலேயரும் போர்த்துக்கீசியரும் ஒன்றுசேர்ந்து கொலாபாக் கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பினர். 1729-இல் கான்ஹோஜி மறைந்தார். அதற்கு 27 ஆண்டுகளுக்குப் பின், 1756-இல், வாட்சனும் கிளைவும் விஜயதுர்க்கத்தைத் தாக்கியபோது ஆங்கரேக் கப்பல்கள் துறைமுகத்திலேயே எரிந்து அழிந்தன. அந்தத் தாக்குதலுக்கு உடன்பட்டு நின்றவர் பேஷ்வாவே என்பதைப் பெரியவர் தாமாகவே சொன்னார். சொல்லும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

இவற்றையெல்லாம் குழந்தைகளை உட்கார வைத்துச் சொன்னோம். ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது எனக்குப் பிடிக்காதாதலால், 1712-இல் பம்பாய் ஆளுநருடைய படகை ஆங்கரேயின் ஆட்கள் பிடித்ததையும், அந்தச் சண்டையில் கணவனை இழந்த ஆங்கிலப் பெண் ஒருத்தி 30,000 ரூபாய் கொடுத்து மீட்கப்படும்வரை சிறையிருந்ததையும் சொன்னேன். பீரங்கி கேட்ட அந்தச் சிறுமி, "சீட்டு வாங்காத கப்பலில் மூட்டை தூக்கப் போனவன் என்ன ஆவான், மாமா?" என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன் பெரியவரே, "அவன் வீட்டில் அழுதிருப்பார்கள், பாப்பா" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை.

சுதந்தரம் பெற்ற பின் நம் கடற்படை, பம்பாயில் உள்ள தன் கரைத் தளம் ஒன்றுக்கு 1951-இல் ஆங்கரேயின் பெயரைச் சூட்டியது. போர்த்துக்கீசியர் கொள்ளையன் என்று கூறி 1600-இல் கோவாவில் கொன்ற மலபார்க் கடற்படைத் தலைவர் குஞ்ஞாலி மரைக்காரின் பெயரும் இதே நகரத்தில் வேறொரு கடற்படைத் தளத்துக்கு இருக்கிறது. இதைக் கேட்டதும் குழந்தைகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கொள்ளையர் கப்பலுக்கும் தங்கள் கப்பலுக்கும் உள்ள வேறுபாடு கொடியில் மட்டுமே என்று கண்டுகொண்டார்கள். மண்டையோடு போயிற்று, காவிக் கொடி வந்தது. கண்ணுக்குத் திரை கட்டிய ஒரு சிறுவன் மட்டும் அதை அவிழ்க்கமாட்டேன் என்று அழுதான். "இருக்கட்டும், சண்டையில் கண் போன மாலுமி நம் பக்கத்திலும் இருந்திருக்கமாட்டானா?" என்று பெரியவர் தீர்ப்புக் கூறினார்.

இனிச் செய்முறை.

ஆங்கரேயின் பெரிய கப்பலுக்குக் 'குராப்' என்று பெயர். இரண்டு அல்லது மூன்று பாய்மரம் உடையது. அதன் மூக்கு தாழ்ந்து நீண்டு நீரின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மூக்குக்கு மேலாக முன்னோக்கிச் சுடும் வகையில் இரண்டு பெரிய பீரங்கிகள் இருக்கும். அவை ஒன்பது அல்லது பன்னிரண்டு ராத்தல் குண்டு போடுபவை. பக்கங்களில் அவற்றினும் சிறியவை. ஐரோப்பியக் கப்பல் விலாவைக் காட்டிச் சுடும். குராப் எதிரியை முட்டுவதுபோல் வந்து முகத்தால் சுடும். எனவே எங்கள் டெம்போவில் ஓட்டுநர் அறையின் கூரைக்கு மேல் இரண்டு, பக்கத்துக்கு மூன்றாக ஆறு, ஆக எட்டுப் பீரங்கிகள் என்று கணக்கிட்டோம்.

ஒன்பது ராத்தல் குண்டு போடும் உண்மையான இரும்புப் பீரங்கி ஒன்று ஆயிரம் கிலோவுக்கு மேல் நிறுக்கும். எங்கள் வண்டியிலோ குழந்தைகள் நிற்கப் போகிறார்கள். ஆகவே பெரியவரும் நானும் ஒரு விதி வகுத்தோம்: கயிறறுந்து குழந்தையின் தலையிலேயே விழுந்தாலும் காயம் படக்கூடாது. மரத்தில் செய்யலாம் என்றவர்களுக்கும், தகரத்தை வளைக்கலாம் என்றவர்களுக்கும் இந்த விதியே பதிலாயிற்று. முன்பெல்லாம் இத்தகைய வேலைக்குத் தெர்மகோல் என்னும் வெண்பஞ்சுக் கட்டிதான் கைகொடுத்தது. சோடனைக்கு அதைப் பயன்படுத்துவதை 2018-இல் மகாராஷ்டிர அரசு தடை செய்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. எண்ணெய்ச் சாயம் பட்டால் உருகிக் குழியும் பொருள் அது. எஞ்சியது காகிதமும் அட்டையும்.

துணிக்கடைகளில் துணியைச் சுருட்டிவரும் அட்டைக் குழாய்களை வெளியே எறிந்துவிடுவார்கள். கேட்டால் மகிழ்ச்சியுடன் தருவார்கள். அதை நாலடி நீளத்துக்கு அறுத்துக்கொள்ள வேண்டும். இதுவே பீரங்கியின் உள்துளை. பீரங்கி முழுவதும் ஒரே பருமனாக இராது. பின்புறம் பருத்து, வாயை நோக்கிச் சிறுக்கும். பலர் செய்யும் பொம்மைப் பீரங்கிகள் தண்ணீர்க் குழாயைப்போல் தோன்றுவதற்கு இதைக் கவனியாமையே காரணம். மருந்து எரிவது பின்புறத்தில். வாயுவின் அழுத்தம் அங்கேதான் மிகுதி. குண்டு முன்னே செல்லச் செல்ல அழுத்தம் குறையும். அதனால்தான் வார்ப்பவன் பின்னால் இரும்பைக் கூட்டி முன்னால் குறைத்தான். இதைக் குழந்தைகளுக்குச் சொல்லிவிட்டால் உருவத்தில் தவறு செய்யமாட்டார்கள்.

பழைய அட்டைப் பெட்டிகளிலிருந்து வட்டத் தட்டுகள் வெட்ட வேண்டும். பின்புறத் தட்டு பத்து அங்குல விட்டம். வாய்ப்புறத் தட்டு ஆறு அங்குலம். இடையில் உள்ளவை படிப்படியாகக் குறைபவை. ஒவ்வொன்றின் நடுவிலும் குழாய் நுழையுமளவு துளையிட்டு, அரையடிக்கு ஒன்றாகக் குழாயில் கோத்துப் பசையிட்டு நிறுத்த வேண்டும். அவற்றின் விளிம்புகளின்மேல், நீளவாக்கில், இரண்டு அங்குல அகல அட்டைப் பட்டைகளை நெருக்கமாக ஒட்டிக்கொண்டு போனால் மீனின் முள்ளுக்கு மேல் சதை வைத்ததுபோல் உடல் அமைந்துவிடும். உள்ளே வெற்றிடம், அதனால்தான் எடை இல்லை.

இந்தப் பட்டைகளை ஒட்டும்போது எனக்குத் தஞ்சாவூர் நினைவு வந்தது. கீழவாயிலுக்கு அருகே பீரங்கிமேட்டில் கிடக்கும் இராஜகோபால பீரங்கியை நம்மவர் பலர் பார்த்திருப்பர். ஏறத்தாழ 26 அடி நீளம். எடை இருபது டன்னுக்கு மேல். நாயக்கர் காலத்தது. அது வார்த்த பீரங்கி அன்று. நீண்ட இரும்புப் பட்டைகளைக் குழாய்போல் அடுக்கி, அவற்றின்மேல் இரும்பு வளையங்களைக் காய்ச்சி இறுக்கி, அடித்து ஒன்றாக்கியது. பற்றவைப்பு வேலையில் பழுத்த பெரியவரிடம் இதைச் சொன்னதும் கையிலிருந்த பசைத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். அவ்வளவு பெரிய உருப்படியை எந்த உலையில் காய்ச்சினார்கள், எப்படிப் புரட்டினார்கள் என்று துருவித் துருவிக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அன்று முழுவதும், "உங்கள் ஊர்க் கொல்லர்கள்!" என்று இடையிடையே தமக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

உடல் அமைந்தபின் செய்தித்தாளைக் கிழித்து மைதாப் பசையில் தோய்த்து மூன்று அடுக்கு ஒட்ட வேண்டும். கத்தரியால் வெட்டக்கூடாது, கிழித்த ஓரந்தான் ஒன்றோடொன்று இழையும். ஓர் அடுக்கு நன்றாகக் காய்ந்தபிறகே அடுத்தது. அவசரப்பட்டால் உள்ளே பூஞ்சை பிடித்து நாறும். சுவரொட்டி ஒட்டுவோர் பசையில் துத்தம் கலப்பார்கள்; அது நஞ்சு, குழந்தைகள் கை படும் வேலைக்கு ஆகாது. சிறிது படிகாரத் தூள் போதும். கடைசி அடுக்கை வெள்ளைத் தாளால் ஒட்டிவிட்டால், வண்ணத்துக்கு அடியிலிருந்து நேற்றைய பங்குச் சந்தை நிலவரம் எட்டிப்பார்க்காது.

வளையங்களுக்குப் பருத்திக் கயிற்றைப் பசையில் நனைத்துச் சுற்ற வேண்டும். வாயருகே இரண்டு சுற்று, நடுவில் ஒன்று, பின்னால் மூன்று. பின்புறக் குமிழுக்கு ஒரு பழைய ரப்பர்ப் பந்து. நடுவுக்குச் சற்றுப் பின்னால் உடலைக் குறுக்கே துளைத்து ஒரு மூங்கில் துண்டைச் செருகினால், இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த அச்சின்மேல் பீரங்கி மேலும் கீழும் அசையும். தாங்கும் வண்டியைப் பழக்கடைப் பெட்டிகளின் மெல்லிய பலகையால் செய்தோம். கப்பல் பீரங்கிக்குச் சக்கரம் சிறியதாகவும் நான்காகவும் இருக்கவேண்டும். போர்க்களப் பீரங்கியின் பெரிய சக்கரத்தை வைத்துவிட்டால் அறிந்தவர்கள் சிரிப்பார்கள். எங்கள் மேல்மாடியிலேயே அறிந்தவர் ஒருவர் இருந்தாரே!

வண்ணத்தில் ஒரு நுட்பம் உண்டு. பளபளக்கும் கறுப்பு பூசினால் அது குடையின் பிடிபோல் இருக்குமேயன்றி இரும்பாகத் தோன்றாது. நீரில் கரையும் மங்கிய கறுப்பைப் பூசி, காய்ந்தபின் பென்சில் கரியைப் பொடியாக்கித் துணியால் வளையங்களின் மேட்டிலும் வாயின் விளிம்பிலும் தேய்க்க வேண்டும். கை பட்டுத் தேய்ந்த இரும்பின் மினுமினுப்பு அங்கே வந்துவிடும். பள்ளங்களில் சிறிது காவிப் பொடி தடவினால் துரு. இந்த வேலையைப் பெண் குழந்தைகள் இருவர் எங்களைவிட நன்றாகச் செய்தார்கள்.

முடிந்த பீரங்கி ஒன்று இரண்டு கிலோ. அதன் வண்டி ஒரு கிலோ. எட்டும் சேர்ந்து 24 கிலோ. ஓர் அரிசிச் சிப்பத்தைவிடக் குறைவு! விதியைச் சோதிப்பதற்காக என்னை நாற்காலியில் அமர்த்தி, மேசைமேல் நின்ற இருவர் ஒரு பீரங்கியை என் தலைமேல் நழுவவிட்டார்கள். மழுங்கலாக ஓர் ஓசை எழுந்தது. பீரங்கியின் வாய் சிறிது நசுங்கியது. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. "உள்ளே ஒன்றும் இல்லாத இரண்டும் மோதினால் என்ன ஆகும்?" என்று என் மனைவி அடுக்களையிலிருந்து கேட்டாள்.

சுடவேண்டுமே, அதற்கு என்ன வழி என்பது அடுத்த கேள்வி. வெடியும் புகையும் கூடாது என்பதில் பெற்றோர் எல்லோரும் ஒருமனமாக இருந்தோம். உண்மையான பீரங்கி சுட்டதும் பின்னோக்கி உதைத்துக்கொண்டு ஓடும். தடித்த கயிறு ஒன்று அதைப் பிடித்து நிறுத்தும். எங்கள் பீரங்கியோ இலேசானது. பின்புறக் குமிழில் ஒரு சரட்டைக் கட்டிச் சிறுவன் ஒருவன் சுண்டி இழுத்தால் சக்கரங்கள் உருண்டு அரையடி பின்வாங்கும். ஓசைக்குத்தான் முன்னால் போகும் டோல் கோஷ்டி இருக்கிறதே! அவர்களுடைய பெரிய அடி விழும்போது எட்டுச் சரடுகளையும் ஒருங்கே இழுக்க வேண்டும். இதற்குத்தான் ஒத்திகை மிகுதியாக வேண்டியிருந்தது. நம் குழந்தைகளுக்குத் தாளம் பிடிபடுவதற்கு ஒரு வாரம் ஆயிற்று.

ஊர்வலத்தன்று ஓட்டுநரின் பார்வையை மறைக்காதபடி மேலிரண்டு பீரங்கிகளையும் உயர்த்திக் கட்டினோம். தெருக்களின் குறுக்கே செல்லும் மின்கம்பிகளுக்கு எட்டாதபடி பாய்மரத்தைக் குறுக்கினோம். வண்டியின் நெற்றியில் 'சர்கேல் கான்ஹோஜி ஆங்கரே யாஞ்சா குராப்' என்று மராட்டியிலும், அதன்கீழே 'கடற்படைத் தலைவர் ஆங்கரேயின் கப்பல்' என்று தமிழிலும் எழுதிய பலகை. முதல் திருப்பத்தில் டோல் முழங்கியது. எட்டுப் பீரங்கிகளும் ஒருங்கே பின்வாங்கின. வழியில் நின்ற கூட்டம் ஒரு கணம் விலகிப் பிறகு ஆரவாரித்தது. முதியவர் ஒருவர் அருகில் வந்து பீரங்கியைத் தட்டிப் பார்த்தார், கை காகிதத்தில் பட்டதும் வியந்து, "எந்த ஊர்க்காரர்கள் நீங்கள்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன், வண்டியோடு நடந்துவந்த பெரியவர், "நம் ஊர்க்காரர்கள்தாம்" என்றார். அப்போதும் அவர் சொன்னது 'எங்கள்' அன்று, 'நம்'.

மழைக்காலத்துக்குமுன் பீரங்கிகளை எங்கே வைப்பது என்ற சிக்கல் வந்தது. ஆறு, மாடிப்படிக்கு அடியில் சாக்குப்போட்டு மூடிக் கிடக்கின்றன. ஒன்றைக் காய்கறி அன்பர் கடையில் வைத்திருக்கிறார். மற்றொன்று பெரியவர் வீட்டுப் பலகணியில், துளசி மாடத்துக்கு அருகே. வாய் நசுங்கியது அதுதான். வேறு நல்லது தருகிறேன் என்றேன். அதுவே போதும் என்றுவிட்டார்.

வரும் குடி பாட்வாவுக்குத் தஞ்சாவூர்ப் பீரங்கியை முழு அளவில் செய்யவேண்டும் என்று அவர் இப்போதே குழந்தைகளிடம் சொல்லிவைத்திருக்கிறார். பீரங்கி 26 அடி. காய்கறி அன்பரின் டெம்போ பத்தடி. பெரிய வண்டி யாரிடமாவது இருந்தால் இந்த இதழின் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்.